கிராங்க் ஆடுது, பிபி மாத்தணும்: பழைய கப்பா, சீல்டு செட்டா, வெளி பேரிங்கா?

பெடல் மிதிக்கறப்ப சுத்துக்கு ஒரு தடவை டொக்குன்னு ஒரு அடி, இல்ல செயின் வீல் ஒரு பக்கம் ஒதுங்கி ஒதுங்கி ஓடுது, இல்ல ஒரு கால் மட்டும் நொண்டுற மாதிரி இருக்கு. எதைச் சொன்னாலும் கடையில வர்ற பதில் ஒண்ணுதான், "பிபி போச்சு சார், மாத்திரலாம்". (பிபின்னா பாட்டம் பிராக்கெட், பெடலைத் தாங்குற கிராங்க் கை ரெண்டையும் சேர்க்கற ஆக்சிலும் அது சுத்தற பேரிங்கும்.) சரி மாத்தலாம், எதைப் போடுறதுன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. பழைய மெக்கானிக் பால்ஸ் மாத்தி கிரீஸ் வச்சா போதும்பாரு, கியர் சைக்கிள் கடைக்காரர் சீல்டு போடுங்கம்பாரு, ஞாயித்துக்கிழமை ஈசிஆர்ல பறக்குற நண்பர் யாராவது ஹாலோடெக்னு வெளி பேரிங் போடாம இதெல்லாம் எதுக்கும்பாரு. மூணு பேரும் பொய் சொல்லல, அவங்கவங்க கைல இருக்கற ஃபிரேமுக்கு அது சரியா இருந்திருக்கும்.

என் கட்சி எதுன்னு இப்பவே சொல்லிடறேன். விலை, எடை, பேரிங் எவ்வளவு ஸ்மூத்துங்கறதெல்லாம் ரெண்டாவது. முதல்ல கேக்க வேண்டியது, ரெண்டு பக்க பேரிங்கையும் ஒரே நேர்கோட்டுல பிடிச்சு வைக்கிற வேலையைச் செய்யறது யாரு, ஃபிரேமா இல்ல பிபியேவா? ஒரு கதவுக்கு ரெண்டு கீல் இருக்கு, ரெண்டும் ஒரே கோட்டுல இல்லன்னா எவ்வளவு எண்ணெய் விட்டாலும் கதவு முனகிக்கிட்டேதான் இருக்கும், கீல் விலை அதிகம்ங்கறதால முனகல் நிக்காது. பிபி கதையும் இதான். ஃபிரேம் ஒழுங்கா இல்லாதப்ப, வேலையை ஃபிரேம்கிட்ட விடுற பிபியை வாங்கிப் போட்டா காசு தண்டம்.

வாங்கறதுக்கு முன்னாடி பிபிதான் குத்தவாளியான்னு பாருங்க. செயினைப் பல்லுல இருந்து எடுத்து உள்பக்கமா ஷெல் மேல விட்டுடுங்க (ஷெல்னா ஃபிரேம் பைப்புங்க எல்லாம் வந்து சேர்ற அந்தக் குறுக்குக் குழாய்). கிராங்க் இப்ப ஃப்ரீயா சுத்தும். ஒரு கிராங்கைப் பிடிச்சு ஃபிரேமை நோக்கித் தள்ளி இழுங்க. எதிர்ப்பக்க கிராங்கும் கூடவே சேர்ந்து ஆடினா ஆட்டம் பிபிக்குள்ள இருக்கு. பிடிச்ச பக்கம் மட்டும் ஆடுதுன்னா பிபி பாவம், ஆக்சில்ல கிராங்க் உக்காந்திருக்கற இடம்தான் லூசு. ரெண்டுமே ஆடல, ஆனா மிதிச்சா சத்தம் வருதுன்னா பெடலைக் கழட்டி மரைக்கு கிரீஸ் வச்சுத் திரும்பப் போடுங்க, செயின் வீல் போல்ட்டுங்களை டைட் பாருங்க, எழுந்து நின்னு மிதிக்கறப்ப சத்தம் காணாமப் போயிடுதுன்னா சீட் போஸ்ட்டைப் பாருங்க. பிபின்னு கடைக்கு வர்ற நிறைய கேஸ் இங்கயே முடிஞ்சிடும்.

அடுத்தது கோணல். எல்லாத்தையும் சேர்த்து "பெண்டு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடறோம், ஆனா எது வளைஞ்சிருக்குங்கறதைப் பொறுத்து காலுக்குத் தெரியறது வேற வேற. ஷெல்லே ஃபிரேம்ல கொஞ்சம் சாய்வா வெல்டு ஆகியிருக்குன்னு வைங்க. ஆக்சில் நேரா இருக்கறதால செயின் வீல் சுத்தறப்ப ஆடாது, ஆனா பின் வீலுக்கு இணையா நிக்காம ஒரு பக்கமா சாஞ்சு நிக்கும். 170 மி.மீ. கிராங்க்ல 1 டிகிரி சாய்வுன்னா பெடல் மேல இருக்கறப்ப ஒரு பக்கம் 3 மி.மீ., கீழ போறப்ப எதிர்ப்பக்கம் 3 மி.மீ. தள்ளிப் போகும். கேக்க பயமா இருக்கும், ஆனா பாதம் சாயுற கோணம் சுத்து முழுக்க மாறாம ஒரே மாதிரி இருக்கறதால முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியறதே இல்ல. செயினுக்குத் தெரியும், அது ஒரு பக்கமா தேயும்.

கிராங்க் கை வளைஞ்சிருந்தா கதை வேற. சைக்கிள் சாஞ்சு விழுந்து பெடல் தரையில குத்தினா இது நடக்கும். அப்ப பெடல் ஆக்சிலோட சாய்வு கிராங்கோட சேர்ந்தே சுத்தும், மேல வர்றப்ப பாதம் உள்பக்கம் சாயும், கீழ போறப்ப வெளிப்பக்கம் சாயும், நடுவுல முன்னும் பின்னுமா திரும்பும். நிமிஷத்துக்கு 80 சுத்துன்னா ஒரு மணி நேரத்துல 4800 தடவை கணுக்கால் இப்படி உருண்டு திரும்புது. முட்டி வலின்னு சொல்றவங்க சீட் உயரத்தை ஏத்தி இறக்கிப் பாக்கறதுக்கு முன்னாடி இதைப் பாக்கணும்ங்கறது என் எண்ணம். யாரையாவது மெதுவா ஓட்டச் சொல்லி பின்னாடி இருந்து பாருங்க, பெடல் தட்டு படகு மாதிரி அசைஞ்சா கை வளைஞ்சிருக்கு. இதுக்கு எந்த பிபியும் மருந்து இல்ல. கட்டைச் சைக்கிளோட (கியர் இல்லாத பழைய மாடல்) இரும்புக் கிராங்கை மெக்கானிக் நீட்டு பைப்பு மாட்டி நிமித்திருவாரு. அலுமினியத்தை நிமித்தச் சொல்லாதீங்க, விரிசல் விட்டு என்னைக்காவது நடு ரோட்டுல உடையும்.

செயின் வீல் மட்டும் அலையுதுன்னா வீல் வளைஞ்சிருக்கு, இல்ல ஆக்சில் வளைஞ்சிருக்கு. செயின் ஸ்டேல (ஷெல்லுல இருந்து பின் சக்கரத்துக்குப் போற ஃபிரேம் பைப்பு) ஒரு ஜிப் டை கட்டி அதோட நுனி பல்லுக்கு ஒட்டினாப்ல நிக்கற மாதிரி வச்சு சுத்திப் பாருங்க. பல்லு அலையுது, இடது பக்க கிராங்க் அலையலன்னா செயின் வீலோட முடிஞ்சது. அது காலுக்குப் பெருசா ஒண்ணும் பண்ணாது, முன் டெரெய்லர்ல (செயினை ஒரு பல்லுல இருந்து இன்னொண்ணுக்குத் தள்ளுற கியர் கருவி) உரசி எரிச்சல் பண்ணும், அவ்வளவுதான்.

இப்ப வழிங்களுக்கு வருவோம். இருக்கறதையே சரி பண்றதுதான் முதல் வழி, நம்ம கட்டைச் சைக்கிள் எல்லாத்துலயும் இருக்கற கப்பு, ஆக்சில், பால்ஸ் செட்டு. பக்கத்துக்கு 11 பால், கால் இஞ்ச் சைஸ். கூண்டோட வர்ற செட்டுல பால் எண்ணிக்கை குறைவா இருக்கும், கூண்டைத் தூக்கிப் போட்டுட்டு 11 பாலையும் கிரீஸ்ல ஒட்ட வச்சா பாரம் நல்லா பரவும், பழைய மெக்கானிக்குங்க இதைத்தான் செய்வாங்க. இதுல ரெண்டு கப்பும் தனித்தனியா ஃபிரேம் மரையில ஏறுது, அதனால நேர்கோடு ஃபிரேம் கையில. ஆனா பால் கப்புக்குள்ள உக்கார்ற விதம் கொஞ்சம் கோணலைப் பொறுத்துக்கும், இடது கப்பைத் திருகி ஆட்டத்தையும் எடுத்துக்கலாம். அந்த ஆட்டம் எடுக்கறதுலதான் கை வேணும். டைட் வச்சா பால் கடிக்கும், லூசு விட்டா டொக்கு டொக்கு. ஒரு முழு சுத்துல ஒரு இடத்துல டைட்டும் ஒரு இடத்துல லூசுமா மாறி மாறி வந்தா கப்பைக் குறை சொல்லாதீங்க, ஆக்சில் வளைஞ்சிருக்கும், இல்ல பால் ஓடுற தடம் ஒரு பக்கமா தேஞ்சிருக்கும். அந்தத் தடத்துல குழி விழுந்திருந்தா வெறும் பால்ஸ் மட்டும் மாத்தறது வேஸ்ட், புது பாலையும் அது தின்னுடும்.

இதோட பெரிய எதிரி தண்ணி. ஃபிரேமுக்குள்ள இருக்கற பேரிங்குங்கள்லயே கீழ இருக்கறது பிபி, சீட் டியூப் வழியா மேல இருந்தும் வடியும், நவம்பர் டிசம்பர்ல சென்னைத் தெருவுல முழங்கால் தண்ணியில மிதிச்சா கீழ இருந்தும் ஏறும். சீல்னு ஒண்ணும் கிடையாது. அப்படி ஒரு தடவை முங்கினா அந்த வாரமே பிரிச்சுத் துடைச்சு கிரீஸ் வைக்கணும், இல்லன்னா துரு. நல்ல விஷயம் என்னன்னா எந்தத் தெருமுனைக் கடையிலயும் இதைப் பிரிக்கலாம், ஆக்சில், கப்பு, பால்ஸ் எல்லாம் லூதியானா சரக்கு எங்கயும் கிடைக்கும், மொத்தமா மாத்தினாலும் சில நூறு ரூபாய்க்குள்ள முடியும்.

கட்டைச் சைக்கிள்ல பிபியை விட அதிகமா காலைப் படுத்தறது காட்டர் பின், அதாவது கிராங்கை ஆக்சிலோட பூட்டுற ஆப்பு. ரெண்டு பின்னும் எதிரெதிர் திசையில போகணும். வலது கிராங்கை முன்னால நீட்டினா அதோட நட்டு மேல பாக்குதுன்னா, இடது கிராங்கை முன்னால கொண்டு வந்தாலும் அதோட நட்டும் மேல பாக்கணும். ஒரே பக்கமா அடிச்சு விட்டா, இல்ல ஒரு பின் மட்டும் தேஞ்சிருந்தா ரெண்டு கிராங்கும் 180 டிகிரியில நிக்காது. 3 டிகிரி தப்பினாலே பெடல் கிட்டத்தட்ட 9 மி.மீ. தள்ளி நிக்கும், அந்த நொண்டுற ஃபீல் அங்க இருந்துதான் வருது. இன்னொண்ணு, நட்டைத் திருகி பின்னை இழுக்கக் கூடாது, மரை போயிடும். பின்னை அழுத்தியோ, கிராங்குக்கு அடியில முட்டுக் கொடுத்து அடிச்சோதான் ஏத்தணும், நட்டு சும்மா பிடிச்சுக்கறதுக்கு. கொஞ்ச தூரம் ஓட்டினதும் பின் இன்னும் உள்ள இறங்கும், அப்ப மறுபடி அடிச்சு நட்டை டைட் வைக்கணும்.

ரெண்டாவது வழி சீல்டு கார்ட்ரிட்ஜ், சதுர முனை ஆக்சிலோட வர்றது. என் ஓட்டு பெரும்பாலும் இதுக்குத்தான். ரெண்டு பேரிங்கும் ஒரே உருளைக்குள்ள ஃபேக்டரியிலயே நேர் பாத்து வச்சது. வலது பக்கம் அதோட விளிம்பு ஷெல்லுல முட்டி நிக்கும், இடது கப்பு மறுமுனையைத் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். ஷெல்லோட முகம் (கப்பு வந்து முட்டற ஓரம்) கொஞ்சம் கோணலா இருந்தா முழு யூனிட்டும் இத்தனூண்டு சாயலாம், ஆனா ரெண்டு பேரிங்கும் ஒண்ணுக்கொண்ணு நேராவே இருக்கும், கடிக்காது. நம்மூர்ல ஓடுற சைக்கிள் பலதுல ஷெல் முகத்தை யாரும் சீவிப் பாத்திருக்க மாட்டாங்க, மேல பெயிண்ட் வேற திட்டு திட்டா இருக்கும். அந்த மாதிரி ஃபிரேம்ல இதோட அருமை தெரியும்.

வாங்கறப்ப மரை தெரியணும். பொதுவா கிடைக்கறது பிஎஸ்ஏ மரை, 1.37 இஞ்ச் விட்டம், இஞ்சுக்கு 24 மரை, ஷெல் அகலம் 68 மி.மீ., சில எம்டிபில (மவுண்டன் பைக்) 73. பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்ங்கற துப்பாக்கிக் கம்பெனியோட பேருதான் பிஎஸ்ஏ, நம்ம ஆளுங்களுக்கு அது அம்பத்தூர் சைக்கிள் பேராத்தான் பழக்கம். இதுல வலது பக்கம் எதிர் மரை, கழட்ட கடிகாரம் சுத்தற பக்கம் திருகணும். மிதிக்க மிதிக்க பேரிங் கப்பை எதிர்த் திசையில மெல்ல மெல்ல நகத்தப் பாக்கும், எதிர் மரையா இருந்தா அந்த நகர்றதே டைட் ஆக்கிடும், அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. இத்தாலி ஃபிரேம்ல ரெண்டு பக்கமும் நேர் மரை, 70 மி.மீ. அகலம், அங்க வலது கப்பு கழண்டு வர்றது பிரசித்தம். பழைய ராலே ஃபிரேம்ல இஞ்சுக்கு 26 மரை. பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும், முக்கித் திருகினா ஷெல் மரை போச்சு. அதனால கட்டைச் சைக்கிளை சீல்டுக்கு மாத்தணும்னு ஆசைப்பட்டா பழைய கப்பை எடுத்துட்டுப் போய் மரையை அளந்து பாத்துட்டு வாங்குங்க.

அடுத்து ஆக்சில் நீளம். 103, 107, 110, 113, 118, 122.5 மி.மீ.ன்னு பல நீளம் வரும், கடையில கைக்கு வந்ததைப் போட்டு விட்டுடுவாங்க. 113 இருந்த இடத்துல 122.5 போட்டா ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 5 மி.மீ. வெளிய போகும். செயின் வீல் வெளிய போனா செயின் லைன் (செயின் நேரா ஓட வேண்டிய கோடு) போச்சு. ரோடு சைக்கிளோட ரெட்டை செயின் வீலுக்கு ஃபிரேம் நடுவுல இருந்து 43.5 மி.மீ., எம்டிபி மூணு வீலுக்கு 47.5ல இருந்து 50ன்னு கணக்கு, இதை விட்டு 5 மி.மீ. தள்ளினா முன் டெரெய்லர் பெரிய பல்லை எட்டாது, பின்னாடி சின்ன கியர்ல இல்ல பெரிய கியர்ல செயின் கரகரன்னு இழுக்கும். நீளம் குறைஞ்சா சின்னப் பல்லு செயின் ஸ்டேல உரசும். கால் ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி மாறறதும் சில முட்டிங்களுக்குப் பிடிக்காது. முனைலயும் ரெண்டு ஜாதி இருக்கு, ஜிஸ் (ஜப்பான் அளவு), ஐஎஸ்ஓ (சர்வதேச அளவு)ன்னு. சரிவு ரெண்டுக்கும் ஒண்ணுதான், ஆனா முனையோட தடிமன் வேற, மாத்திப் போட்டா கிராங்க் 4-5 மி.மீ. உள்ளயோ வெளியவோ போய் உக்காரும். இங்க கிடைக்கறது ஏறக்குறைய எல்லாம் ஜிஸ், பழைய இத்தாலி கிராங்க் வச்சிருக்கறவங்க மட்டும் கவனிச்சா போதும்.

இதோட குறை, பேரிங் போனா பிரிச்சு சரி பண்ண முடியாது, யூனிட்டையே தூக்கிப் போடணும். ஆனா சல்லிசா கிடைக்குது, மழையையும் பழைய பால்ஸ் செட்டை விட நல்லா தாங்குது. இதுல உயிர் எங்க இருக்குன்னா கிராங்க் போல்ட்டுல. 35ல இருந்து 50 நியூட்டன் மீட்டர் முறுக்கு கேக்கும், சின்ன ஸ்பேனரால லேசாத் திருகிட்டு விட்டா இடது கிராங்க் லூசாகும், லூசா ஓட்ட ஓட்ட இரும்பு ஆக்சில் அலுமினிய சதுர ஓட்டையை உருட்டி விட்டுடும். ஒரு தடவை உருண்ட ஓட்டையை எவ்வளவு டைட் வச்சாலும் நிக்காது, டின் தகடு வெட்டிச் சொருகி அனுப்பறதெல்லாம் ரெண்டு நாள் கூத்து. கிராங்க்தான் மாத்தணும், பிபி இல்ல.

மூணாவது, வெளி பேரிங். ஷிமானோ ஹாலோடெக் 2 தான் எல்லாருக்கும் தெரிஞ்சது, 2003 வாக்குல வந்தது. 24 மி.மீ. குழாய் ஆக்சில் வலது கிராங்கோடவே ஒட்டிக்கிட்டு வரும், பேரிங் ரெண்டும் ஷெல்லுக்கு வெளிய, அதனால தாங்குற இடம் அகலம், விறைப்பு அதிகம், கழட்ட அஞ்சு மில்லி ஆலன் கீ இருந்தா பாதி வேலை முடிஞ்சது. எழுந்து நின்னு முழு பலத்தோட மிதிக்கறவங்களுக்கு வித்தியாசம் தெரியும்னு ஒத்துக்கறேன், ஆபீஸ் போயிட்டு வர்றவங்களுக்குத் தெரியாது. எந்த பிபியிலயும் உராய்வுல போற சக்தி செயின் அழுக்குல போறதைப் பாத்தா சொற்பம், அதனால ஸ்பீடு கூடும்னு நம்பி வாங்காதீங்க.

இங்க கப்பு ரெண்டும் தனித்தனி, ஒவ்வொண்ணும் ஷெல் முகத்துல முட்டி நிக்குது, நேர்கோடு முழுக்க முழுக்க ஃபிரேம் பொறுப்பு. பழைய பால் செட்டு மாதிரி கோணலைப் பொறுத்துக்கிற குணமும் இந்த பேரிங்குக்குக் கம்மி. முகம் ரெண்டும் இணையா இல்லன்னா பேரிங் சாய்ஞ்சு உக்காந்து, செயின் இல்லாம சுத்தி விட்டாலே கிராங்க் சட்டுனு நின்னுடும். ஒரே பக்க பேரிங் திரும்பத் திரும்பப் போகுதுன்னா பிராண்டைத் திட்டறதுக்கு முன்னாடி முகத்தைப் பாருங்க. முக்கியமா பவுடர் கோட்டிங் பண்ணின பழைய ஸ்டீல் ஃபிரேம், அந்தக் கோட்டிங் முகத்துலயும் மரையிலயும் தடிமனா ஏறியிருக்கும், மரையை டேப்பால (மரை வெட்டுற கருவி) சுத்தம் பண்ணி, முகத்தைச் சீவி எடுக்காம வெளி பேரிங் போடவே கூடாது. அந்தக் கட்டர் செட்டு விலை அதிகம், எல்லாக் கடையிலயும் இருக்காது. கிராங்க் செட்டு வாங்கறதுக்கு முன்னாடி, "ஷெல் ஃபேசிங் பண்ணுவீங்களா"ன்னு கேளுங்க, "அதெல்லாம் தேவையில்ல"ன்னு பதில் வந்தா அடுத்த கடை.

நல்ல ஃபிரேம்லயும் இதைக் கெடுக்க ரெண்டு வழி இருக்கு. இடது பக்கம் இருக்கற பிளாஸ்டிக் மூடி ஆட்டத்தை எடுக்க மட்டும், 0.7ல இருந்து 1.5 நியூட்டன் மீட்டர்தான், விரலால திருகுற அளவு. அதை முறுக்கி முறுக்கி வச்சா பேரிங் நசுங்கும். கிராங்கைப் பிடிக்கறது பக்கத்துல இருக்கற ரெண்டு போல்ட்டு, அது 12ல இருந்து 14, ரெண்டையும் மாத்தி மாத்தி ஏத்தணும். இன்னொண்ணு ஸ்பேசர். எம்டிபி கிராங்கை 68 ஷெல்லுல போட்டா 2.5 மி.மீ. வளையம் வலது பக்கம் ரெண்டு, இடது பக்கம் ஒண்ணு, 73 ஷெல்லுன்னா வலது பக்கம் ஒண்ணு மட்டும். ரோடு கிராங்குக்கு 68ல வளையமே கிடையாது. மாத்திப் போட்டா செயின் லைனும் போகும், ஒரு கால் அகலமாவும் ஒரு கால் நெருக்கமாவும் மிதிச்சுக்கிட்டு இருப்பீங்க.

பிரஸ் ஃபிட் பத்தி ரொம்பப் பேச ஒண்ணுமில்ல, அது ஃபிரேமோட பொறந்தது, நீங்க தேர்வு பண்றது இல்ல. மரையே இல்லாம பேரிங்கை ஓட்டைக்குள்ள அழுத்தி உக்கார வைக்கறது, ஓட்டை துல்லியமா இல்லன்னா சத்தம். கேனன்டேல் கம்பெனி பிபி 30ங்கற பிரஸ் ஃபிட் வகையைப் பிரபலமாக்கி, எல்லாரும் அந்தப் பக்கம் ஓடி, அப்புறம் திரும்பி வந்தாங்க. 2015ல டி 47ன்னு பெரிய மரை வந்தது, ஸ்பெஷலைஸ்டு கம்பெனி 2020ல டார்மக் எஸ்எல் 7ங்கற ரோடு சைக்கிள்ல பழைய பிஎஸ்ஏ மரைக்கே வந்துட்டாங்க. செகண்ட் ஹேண்ட் கார்பன் ஃபிரேம் பாக்கறவங்க மரை இருக்கற ஃபிரேமா பாத்தா நிம்மதி. ஏற்கெனவே பிரஸ் ஃபிட் இருந்து கத்துதுன்னா, ரெண்டு கப்பும் நடுவுல ஒண்ணுக்குள்ள ஒண்ணு திருகிக்கிற மாதிரி வர்ற யூனிட் போடுங்க, அதுவும் கார்ட்ரிட்ஜ் தத்துவம்தான், நேர்கோட்டை ஃபிரேம்கிட்ட விடாம தானே பாத்துக்கும்.

அப்ப யாருக்கு எது? கட்டைச் சைக்கிள்னா கப்பு பால்ஸ்லயே இருங்க, காட்டர் பின்னை நல்லதா வாங்கி ஒழுங்கா அடிங்க, அதுக்கு மேல செலவு பண்றது ஆசைக்குத்தான். ஏழு கியர் எட்டு கியர் ஹைப்ரிட், எம்டிபி, தினம் ஸ்டேஷனுக்கோ ஆபீசுக்கோ ஓட்டறதுன்னா யோசிக்கவே வேணாம், பழைய ஆக்சில் நீளத்துலயே சீல்டு. நல்ல ரோடு ஃபிரேம், கிராங்கும் எப்படியும் மாத்தப் போறீங்க, ஃபேசிங் பண்ற கடையும் கைக்கெட்டுற தூரத்துல இருக்குன்னா வெளி பேரிங் போடுங்க, இந்த மூணுல ஒண்ணு இல்லன்னாலும் சீல்டுதான். பசங்க சைக்கிள்ல கிராங்க் ரெண்டும் ஒரே கம்பியா வளைச்சு வந்திருந்தா அதுல மாத்த ஒண்ணும் இல்ல, பால்ஸும் கிரீஸும் போட்டு விடுங்க.

எதைப் போட்டாலும் கடையை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி கிராங்கை செயின் ஸ்டேக்கு இணையா நிறுத்தி, வலது கிராங்க் நுனிக்கும் ஸ்டேக்கும் எவ்வளவு, இடது பக்கம் எவ்வளவுன்னு ஒரு ஸ்கேல் வச்சுப் பாருங்க, ஒண்ணு ரெண்டு மி.மீ. வித்தியாசம் சகஜம், அதுக்கு மேலன்னா ஸ்பேசரோ நீளமோ தப்பு, அங்கயே திருப்பிக் கேக்கலாம். சதுர முனைன்னா முதல் நீள ஓட்டம் முடிஞ்சதும் இடது போல்ட்டை ஒரு தடவை டைட் பாருங்க. ஒரு தடவை போதும், வாராவாரம் ஏத்திக்கிட்டே இருந்தா கிராங்க் முனையில மேல மேல ஏறி ஓட்டை வெடிச்சிடும்.